எங்கே வைக்கட்டும்

எமாயோகி ஆறு உறைந்து கிடந்த பிப்ரவரியில்
தார்த்து நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில்
ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஐந்து நாற்காலி போட்டு
யாராவது வருவார்களா என்று உட்கார்ந்திருந்தோம்
நானும் இந்த்ரேக்கும்.
பணம் கிடையாது, காப்பியும் ஆளுக்கொரு பன்னும் உண்டு
என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தோம்.

எங்கள் செயலிக்குக் காயா என்று பெயர்.
எஸ்தோனிய மொழியில் எதிரொலி.
குரலைப் பதிவு செய்யும், வெட்டும், ஒட்டும், அவ்வளவுதான்.
யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற நிரல்.
பகலில் நான் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கு.
ஒன்பது வருட இரவுகளில் எழுதியது இது,
காயா பழமா என்று தெரியாமலே.

முதன்முறை திறந்ததும் ஒரு பெட்டி எழும்பும்:
‘உங்கள் பதிவுகளை எங்கே வைக்கட்டும்?’
கீழே சாய்கோடு சாய்கோடாக ஒரு பாதை.
மாற்று. சரி. பிறகு.
அந்தப் பெட்டியில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.
கேட்காமல் எதையும் தொடாத செயலி,
தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நிற்கிற செயலி.

மூன்றாவதாக வந்தவர் சல்மே கல்யுவே.
பஸ் ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார்.
கூட்டுப்பாடலில் அவருக்கு இரண்டாம் குரல்;
பாடி, தானே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டுமாம்.
மைக்கைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.
பாட்டு உதடுவரை வந்துவிட்டது,
எதிரே இருந்த எனக்கே தெரிந்தது.

அப்போது எழும்பியது பெட்டி.

நான்கு நிமிடம் இருபது வினாடி.
(இந்த்ரேக் கணக்கெடுத்தான். நாங்கள் வாய் திறக்கக் கூடாது.)
மாற்று என்பதன்மேல் சுட்டியை வைத்தார். எடுத்தார். வைத்தார்.
ஒரு கோப்புறை திறந்தது;
உள்ளே இந்த்ரேக்கின் பல் மருத்துவ ரசீது.
பிறர் வீட்டு அலமாரியைத் திறந்துவிட்டவர்போல
சட்டென்று மூடினார்.
‘தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?’

எங்கள் கையேடு நாற்பது பக்கம்.
அதில் இதற்குப் பதில் இல்லை.

பிறகு என்பதை அழுத்தினார்.
ஒரு அடி பாடினார், பாதியில் நிறுத்தினார்.
பன்னைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
ஏழு ஐந்து வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு அடியைக் கேட்க
மறுநாள் கணினியைத் திறந்தேன். இல்லை.
நிரலைப் பிரித்துப் பிரித்துப் போனேன்.
பிறகு என்றால் தற்காலிகக் கோப்புறை;
கணினியை அணைத்தால் அதுவும் துடைத்துப்போகும்.
எழுதியது நான்தான், நாலாவது வருடம், ஒரு நள்ளிரவில்.
பிறகு என்ற எல்லாருடைய குரலையும்
மரியாதையாகக் கேட்டுவிட்டுக்
குப்பையில் போட்டிருக்கிறோம்.

பெட்டியைத் தூக்கினேன்.
நூற்றுப்பதினெட்டு வரி போயிற்று, ஒன்பது வரி வந்தது.
இசைக் கோப்புறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காயா.

பெர்கனிலிருந்து தோர்கிரிம் சீறினான்:
‘என் வட்டில் ஆணி அடிக்க நீ யார்?’
அவன் பக்கமும் நியாயம்.
படகுக் கணினியில் வட்டு சின்னது;
அவன் பிடிப்பதெல்லாம் திமிங்கிலத்தின் குரல்.
லாத்விய மொழிபெயர்ப்பாளர் இல்ஸே
ஒரே வரி எழுதினாள்:
‘விருந்தாளியிடமே ஆணி எங்கே என்று
கேட்கிற வீடாக இருந்தது உங்களுடையது.’

மூன்று வாரச் சண்டை.
இப்போது, முதல் பதிவு முடிந்தபின்தான்
அடியில் மெல்லிய பட்டையாக ஒரு வரி வருகிறது:
‘இங்கே வைத்திருக்கிறேன். வேறிடம் வேண்டுமா?’
பதில் சொல்லாவிட்டாலும் குரல் இருக்கும்.
தோர்கிரிமுக்கு இன்னும் கோபம்தான்.

ஏப்ரலில் பனி உடைந்த பிறகு
அவருடைய வண்டியில் தற்செயலாக ஏறினேன்.
என்னைத் தெரியவில்லை.
சொல்ல வாயெடுத்தேன்;
தலைக்கு மேலே பலகை: ஓட்டுநரோடு பேசாதீர்கள்.

ரயில் கேட்டில் வண்டி நின்றபோது
ஸ்டியரிங்கில் விரல் தட்டி முனகத் தொடங்கினார்.
இரண்டாம் குரல் மட்டும்,
பக்கத்தில் முதல் குரல் இல்லாமல்,
பாட்டென்றே சொல்ல முடியாத ஒன்று.

என் நிறுத்தம் போய்விட்டது.